அதிகம் பேசாதவர் பல்கலைக்கழகத்தில் நண்பர்களைப் பெறுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மூன்று வாரங்களும், விரிவுரை முடிவதற்கு ஒரு நிமிடம் முன்பே என் பையின் ஜிப்பை மூடிவிடுவேன். பேராசிரியர் கடைசி வாக்கியத்தை முடிக்கும்போது கதவருகே இருப்பேன். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தமும், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்களும் கேட்கும். இவர்கள் எல்லாரும் எப்போது இவ்வளவு பழகினார்கள் என்று அறை வரைக்கும் யோசித்துக்கொண்டே நடப்பேன். நான் வெளியேறிய அந்த ஐந்து நிமிடங்களில்தான் பழகினார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர்கள், புதியவர்களிடம் முதல் வார்த்தை எடுக்கத் தயங்குபவர்கள், பேசிவிட்டு வந்தபின் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இவர்களுக்கான வழிகாட்டி இது. சுபாவத்தை மாற்றிக்கொள்ளும்படி எங்கும் சொல்லப்போவதில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், அதே முகங்களைத் தேடித் திரும்பத் திரும்பப் போவதுதான் நட்பின் அஸ்திவாரம் என்பது என் அனுபவம். அதற்குக் கலகலப்பு வேண்டாம். விடாமல் வருவது போதும். அமைதியானவர்களுக்கு அது நன்றாகவே கைவரும்.

தொடங்கும் முன்: உங்களைத் தடுப்பது எது?

அமைதியும் கூச்சமும் ஒன்றல்ல. உள்முகம், வெளிமுகம் என்ற பிரிவை உளவியலில் பரவலாக்கியவர் கார்ல் யுங். 1921இல் அவர் எழுதியது இன்று அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. உள்முக இயல்புடையவருக்குத் தனிமை தெம்பு தரும். பெரிய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் களைத்துப்போவார். அது குறையே இல்லை. கூச்சம் வேறு. பேச ஆசை இருக்கும், தவறாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயம் தொண்டையை அடைக்கும்.

வார இறுதி மாலை ஒன்றில் அறையில் தனியாக இருக்கும்போது உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நிம்மதியாக இருந்தால், உங்களுக்குத் தேவை ஓரிரு நெருங்கிய நண்பர்களும் நிறைய ஓய்வும். வராந்தாவில் கேட்கும் சிரிப்பொலி உறுத்தினால், உங்களுக்கு ஆட்கள் வேண்டும், பயம்தான் குறுக்கே நிற்கிறது. பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று தெரிந்தால், எங்கே உங்களைச் சற்றுத் தள்ள வேண்டும், எங்கே விட்டுப்பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ மாலைகள் மிச்சமாகியிருக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். 2018இல் வெளியான அவரது ஆய்வில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களும் இருந்தார்கள். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும் நிலைக்கு 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்று அவர் கண்டார்.

ஒருவரோடு வாரத்துக்கு மூன்று மணி நேரம் செலவிட்டால் 50 மணியைத் தொடவே ஏறக்குறைய 17 வாரங்கள் ஆகும். அதாவது ஒரு முழு செமஸ்டர். மூன்றாவது வாரத்தில் "எனக்கு மட்டும் யாரும் இல்லை" என்று உட்கார்ந்திருப்பவர், விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவரைப் போன்றவர். முதல் வாரத்திலேயே கும்பலாகத் திரிகிறவர்களின் நட்பும் இன்னும் நட்பாகிவிடவில்லை. தனியாக இருக்கப் பயந்து சேர்ந்த கூட்டங்கள் அவற்றில் பல. இரண்டே மாதத்தில் கலைந்து வேறு விதமாகச் சேரும்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. வகுப்பிலோ வேலையிலோ சேர்ந்து இருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறுவதில்லை. சும்மா அரட்டை அடிப்பது, விளையாடுவது, ஒன்றாகச் சுற்றுவது ஆகியவைதான் நெருக்கம் தருகின்றன. ஆறாவது படியில் இது உதவும்.

படி 1: ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்து விடாதீர்கள்

1992இல் ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்த நான்கு பெண்களை ஒரு பெரிய விரிவுரை வகுப்போடு தொடர்புபடுத்தினார்கள். ஒருவர் வகுப்புக்கு வரவே இல்லை. மற்றவர்கள் முறையே 5, 10, 15 வகுப்புகளுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பருவ முடிவில் மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரையே அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள்.

வாய் திறக்காமல் வந்துபோனதற்கே இந்த மதிப்பு. எனவே முதல் வாரத்திலேயே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது வரிசை நல்லது. கடைசி வரிசையில் உங்கள் முகம் யாருக்கும் தெரியாது, முதல் வரிசையில் முதுகுதான் தெரியும். ஓரத்து நாற்காலியைவிட அதற்கு அடுத்தது மேல். இரு பக்கமும் ஆள் வரும். நூலகத்திலும் சாப்பிடும் இடத்திலும் அதே மேசை, அதே நேரம். மூன்றாவது வாரம் எதிரே வருபவர் லேசாகத் தலையசைப்பார். நீங்களும் அசையுங்கள். அறிமுகம் நடந்துவிட்டது.

படி 2: ஐந்து நிமிடம் முன்னால், ஐந்து நிமிடம் பின்னால்

நான் செய்த தவற்றின் மறுபக்கம் இது. வகுப்புக்குச் சற்று முன்பே போய்விடுங்கள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் அறைக்குள் நுழைவதுதான் கூச்சமுள்ளவருக்குக் கஷ்டம். காலியான அறையில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் உங்களிடம் வருவார்கள்.

முடிந்ததும் மெதுவாக எடுத்துவையுங்கள். பேனா, நோட்டு, தண்ணீர் பாட்டில், ஒவ்வொன்றாக. பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். அடுத்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்று கேட்கவும், அதே திசை என்றால் சேர்ந்து நடக்கவும் அந்த இரண்டு நிமிடம் போதும். சேர்ந்து நடக்கும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இடையில் மௌனம் வந்தாலும் இயல்பாகவே இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தயங்குபவர்களுக்கு நடையைப் போல் வசதியானது வேறில்லை.

காதில் இயர்போன் இருந்தால் இந்தப் பத்து நிமிடங்களுக்காவது கழற்றிவிடுங்கள். அது "என்னிடம் பேசாதே" என்று எழுதி மாட்டிய பலகை.

படி 3: முதல் வாக்கியம் சாதாரணமாக இருக்கட்டும்

சுவாரஸ்யமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடித் தேடியே வாய்ப்பை நழுவவிடுகிறோம். முதல் வாக்கியத்தின் வேலை கதவைத் தட்டுவது மட்டுமே. இருவருக்கும் பொதுவாகக் கண்முன்னே இருக்கும் ஒன்றைப் பற்றிய கேள்வி போதும்.

"கடைசியாகப் போட்ட வரைபடத்தை எழுதிக்கொண்டீர்களா? எனக்குப் பாதியில் விட்டுப்போயிற்று."

"இந்தப் பயிற்சிக் கணக்கை வெள்ளிக்கிழமையே கொடுக்க வேண்டுமா?"

"இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?"

இவ்வளவுதான். உதவி கேட்பது மிக நல்ல தொடக்கம், ஏனென்றால் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்வது சுலபம். அவரும் புதியவர்தான், யாராவது பேசமாட்டார்களா என்று காத்திருப்பவர்தான். பேச்சு முடியும்போது பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். கேட்டதும் கைபேசியில் "மூன்றாம் வரிசை, நீலப் பை, புள்ளியியல்" என்று ஒரு குறிப்போடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். மறந்துபோனால் "மன்னிக்கவும், பெயர் மறந்துவிட்டது" என்று முதல் மாதத்தில் கேட்டுவிடலாம். ஆறாவது மாதத்தில் கேட்பதுதான் சங்கடம்.

படி 4: இரண்டாவது கேள்வி

அமைதியானவர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. மற்றவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளத்தான் பலருக்குத் தெரிவதில்லை.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, உரையாடலில் அதிகம் கேள்வி கேட்பவர்களை மற்றவர்களுக்குப் பிடிக்கிறது என்று காட்டியது. குறிப்பாக, சொன்ன பதிலைத் தொட்டே எழுகிற அடுத்த கேள்விகள்.

"ஊர் எது?" என்று கேட்டீர்கள். பதில் வந்தது. உடனே "என்ன பாடம்?" என்று தாவினால் அது விண்ணப்பப் படிவம் நிரப்புவதுபோல் ஆகிவிடும். "அங்கிருந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது?", "வீட்டை விட்டு முதல் முறையாக வருகிறீர்களா?" என்று அதே நூலைப் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்று நாள் கழித்துச் சந்திக்கும்போது, "தங்கைக்குப் பரீட்சை என்று சொன்னீர்களே, முடிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு நீங்கள் அவருக்கு அந்நியர் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேள்வி மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதும் ஒளிந்துகொள்ளும் வழிதான். இரண்டு கேள்விக்கு ஒரு முறையாவது உங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள்.

படி 5: ஒரே ஒரு மன்றம், அதில் ஒரு வேலை

முதல் வாரக் கண்காட்சியில் பத்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பது வழக்கம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. வாராவாரம் கூடுகிறதா, பத்து முதல் இருபது பேர் வருகிறார்களா, கையில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சதுரங்கம், புகைப்படம், மலையேற்றம், நாடகத்தில் மேடைக்குப் பின்னான வேலை, செடி வளர்ப்பு, மாணவர் இதழ், தன்னார்வப் பணி, எதுவாகவும் இருக்கலாம். கைக்கு வேலை இருக்கும் இடத்தில் வாய்க்கு அவசரமில்லை.

நான் சேர்ந்த மன்றத்தில் முதல் இரண்டு கூட்டங்களில் சுவரோரம் நின்றேன். மூன்றாவது கூட்டத்தில் நாற்காலிகளை அடுக்க ஆள் கேட்டார்கள், போனேன். அடுத்த வாரம் முதல் நாற்காலி அடுக்குபவன் நான் என்றாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் "வந்துவிட்டாயா, இந்தப் பக்கம் பிடி" என்று ஒரு குரல் வரும். உங்களுக்கென்று ஒரு வேலை இருந்தால், எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது என்ற திணறல் பாதி குறையும். வருகைப்பதிவு எழுதுவது, சாவி வாங்கி வருவது, படம் எடுப்பது, எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்தது நான்கு முறை போகாமல் மன்றம் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். முதல் முறை யாருக்கும் எதுவும் பிடிப்பதில்லை.

படி 6: வகுப்புக்கு வெளியே ஒரு முறை

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். வகுப்பில் நன்றாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள். வருடம் முழுவதும் வகுப்புத் தோழர்களாகவே இருந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் அழைக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டியிருக்கும்.

அழைப்பு சிறியதாக, நேரம் குறித்ததாக, மறுப்பதற்கு எளிதாக இருக்கட்டும். "ஒருநாள் எங்காவது போகலாம்" என்பது அழைப்பே ஆகாது. அந்த ஒருநாள் வராது. "வகுப்பு முடிந்து டீ குடிக்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்பது அழைப்பு. நீங்கள் எப்படியும் போகப்போகிறீர்கள், அவர் வந்தால் சேர்ந்து போகலாம். வராவிட்டாலும் ஒருவருக்கும் சங்கடமில்லை. "வியாழக்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தில் இந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறேன், சேர்ந்து பார்க்கலாமா?" என்பதும் அப்படியே. படித்து முடித்தபின் வெளியே வந்து உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம்தான் ஜெஃப்ரி ஹாலின் கணக்கில் ஏறுவது.

எனக்கு நினைவிருக்கிறது. படிக்கட்டின் இரண்டாவது திருப்பத்தில் நின்றுகொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, "சாப்பிடப் போகிறேன்" என்று சொன்னேன். "வருகிறீர்களா" என்ற சொல் வெளியே வரவில்லை. அவரே, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். அவரும் ஒரு வாரமாக அதைக் கேட்க நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னார். அரைகுறை அழைப்புக்கூடப் போதும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"இன்று முடியாது" என்று பதில் வந்தால் பெரும்பாலும் அதற்கு இன்று முடியாது என்பது மட்டுமே பொருள். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை கேளுங்கள். இரண்டு முறையும் மறுத்து, வேறு நாளும் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வகுப்பில் எப்போதும்போல் பேசுங்கள், வேறொருவரை அழையுங்கள். ஒருவர் நேரமில்லாமல் இருப்பதை உங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் சந்திப்பு நன்றாக நடந்தால் அதை வழக்கமாக்குங்கள். "அடுத்த வியாழக்கிழமையும் இங்கேயே?" என்று ஒரே வரி. வழக்கமாகிவிட்ட பிறகு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விடுதலை.

விடுதியில் இருப்பவர்களுக்கு

அறையில் இருக்கும்போது, படிப்பும் தூக்கமும் இல்லாத நேரங்களில், கதவைத் திறந்துவையுங்கள். போகிறவர் எட்டிப் பார்ப்பார். 1950இல் வெளியான லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவின் புகழ்பெற்ற ஆய்வு ஒரு மாணவர் குடியிருப்பில் நடந்தது. பக்கத்து வீடுகளில் இருந்தவர்களிடையேதான் அதிக நட்பு உருவானது என்று அவர்கள் கண்டார்கள். சில அடி தூரம்கூட வித்தியாசத்தை ஏற்படுத்தியது. உங்கள் தளத்தில் இருப்பவர்களை முதல் மாதத்தில் தெரிந்துகொள்ளுங்கள். அறைத்தோழர் உயிர் நண்பராக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம். விளக்கு, தூக்கம், விருந்தினர் பற்றித் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொண்டு மரியாதையாக இருந்தாலே அது நல்ல உறவு.

வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. வகுப்புகளுக்கு இடையிலுள்ள காலி நேரத்தை வீட்டுக்கு ஓடப் பயன்படுத்தாமல், வளாகத்திலேயே ஒரு நிலையான இடத்தில் கழியுங்கள்.

பெரிய கூட்டங்களும் வாட்ஸ்அப் குழுக்களும்

விருந்துகளுக்கு முன்கூட்டியே போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். மூன்று பேருடன் பேசினால் போதும். இரைச்சல் தாங்காவிட்டால் வெளியே வந்து நில்லுங்கள். அங்கே உங்களைப் போன்ற ஒருவர் நிற்பார். மறுநாள் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டே இருப்பது பழகுவதாகாது. உங்கள் அழைப்பைக் குழுவில் போடாமல் ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள். எழுத்தில் சரளமாக வருபவர்களுக்கு இது நல்ல பாலம், ஆனால் பாலத்திலேயே குடியிருக்க முடியாது. மூன்று நாள் செய்தி பரிமாறினால் நான்காம் நாள் நேரில் பாருங்கள்.

பேசிவிட்டு வந்த இரவு

விளக்கை அணைத்ததும் அன்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப வரும். ஏன் அப்படிச் சிரித்தேன், ஏன் நடுவில் நிறுத்தினேன். இந்த வேதனையை நான் அறிவேன், அதனால்தான் இரண்டு ஆய்வுகளை மனப்பாடம்போல் வைத்திருக்கிறேன்.

தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்டது ஒன்று. மாணவர்களை, அவர்களே வெட்கப்படும் படம் போட்ட சட்டையை அணியவைத்து ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று சட்டை அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே.

எரிகா பூத்பியும் சகாக்களும் 2018இல் வெளியிட்டது மற்றொன்று. அந்நியர்கள் இருவர் பேசி முடித்தபின், எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டால், உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் தங்கிய புதிய மாணவர்களிடம் இந்தத் தவறான கணிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. அதாவது, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே மற்றவர்களுக்கு உங்களைப் பிடித்திருக்கும். நள்ளிரவில் மனம் எழுதும் தீர்ப்பை அடுத்த சந்திப்புவரை ஒத்திவையுங்கள்.

நெருக்கம் எப்படி வருகிறது

தமிழில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒருநாள் யாரோ ஒருவர் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு வந்துவிடுவார். சில சமயம் நடுவாக்கியத்தில். அப்போது சங்கடப்படாமல் நீங்களும் தொடர்ந்துவிடுங்கள். அதன்பிறகு சிறிது சிறிதாக உள்ளே இருப்பதைச் சொல்லலாம். வீட்டு நினைவாக இருக்கிறது, இந்தப் பாடம் புரியவே இல்லை, இந்த வாரம் மனது சரியில்லை. அவர் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டினால் எதிரில் இருப்பவருக்கு மூச்சுமுட்டும். ஆறு மாதமாகியும் எதையும் சொல்லாவிட்டால் நம்பிக்கை இல்லையோ என்று நினைப்பார்.

நீங்கள் இருக்கும்போது உங்களைச் சிறுமைப்படுத்தி மற்றவர்களைச் சிரிக்கவைப்பவர், குடிக்கவோ பணம் தரவோ வற்புறுத்துபவர், தேவைப்படும்போது மட்டும் குறிப்பேடு கேட்பவர், இவர்களை விட்டு விலக நாலு பேர் உடன் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தனிமைக்குப் பயந்து எந்த விலையும் கொடுக்க வேண்டாம்.

எப்போது உதவி கேட்பது

பயம் காரணமாக வகுப்புக்கே போகாமல் இருப்பது, சாப்பிடும் இடத்தைத் தவிர்த்துப் பட்டினி கிடப்பது, பேச நினைத்தாலே படபடப்பு வருவது, தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டுப்போவது, இவை கூச்சத்தைத் தாண்டியவை. சமூகப் பதற்றம் என்பது மருத்துவம் அறிந்த, சிகிச்சையால் குணமாகக்கூடிய நிலை. பயம் தரும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) இதற்கு நன்றாகப் பலன் தருகிறது. பல பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

செமஸ்டர் முடியும்போது

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. வகுப்பில் முளைத்த நட்புக்கு அட்டவணைதான் வேலி. புதிய செமஸ்டரில் பாடங்கள் மாறும், அறைகள் மாறும், அந்த மூன்றாம் வரிசை கலைந்துபோகும். சண்டை எதுவும் இல்லாமலே தொடர்பு அறுந்துவிடும்.

ஆகவே கடைசித் தேர்வுக்கு முன்பே அடுத்த பருவத்துக்கான ஒரு நாளையும் நேரத்தையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுவதோ, மாலை நடையோ, எதுவாக இருந்தாலும் சரி. விடுமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், வழியில் பார்த்த ஒன்றின் படமும் "உன் ஞாபகம் வந்தது" என்ற வரியும் போதும். திரும்பி வந்த முதல் நாள், புதிய வகுப்பின் கதவருகே நின்று, தெரிந்த முகம் வருகிறதா என்று பார்த்து, பக்கத்து நாற்காலியில் உங்கள் பையை வைத்து இடம் பிடித்து வையுங்கள்.